ஒரு யூனிட் என்ன விலை, எந்த நேரத்தில்?

கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஒன்று கடற்கரையில் இருக்கிறது. மற்றது மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாசலில் நிற்கிறது. நிலக்கரி எரிக்காமல், புகை விடாமல் மின்சாரம் தருவதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டில் எது மலிவு, எதை நம்பலாம் என்று பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. "சோலார் மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய்க்கு வந்துவிட்டது, இனி அணு உலை எதற்கு?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "ராத்திரியில் வெயிலுக்கு எங்கே போவீர்கள்?" என்று மறுதரப்பு மடக்குகிறது.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் இரண்டுமே பாதிக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. அணுமின்சாரத்தின் விலையைக் கூட்டுவது, உலையைக் கட்டி முடிக்க ஆகும் ஆண்டுகள். காற்று, சூரிய மின்சாரத்தின் விலையைக் கூட்டுவது, அது கிடைக்காத மணி நேரங்கள். இந்த இரண்டு நேரக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு வகை மின்சாரமும் பெரிய அளவில், பல ஆண்டுகளாக உற்பத்தியாகின்றன. அதனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மெகாவாட் வேறு, யூனிட் வேறு

செய்திகளில் "இத்தனை மெகாவாட் நிலையம் திறப்பு" என்று வரும். மெகாவாட் என்பது அந்த நிலையத்தின் திறன். வீட்டு மின்கட்டண அட்டையில் வருவது யூனிட். 1 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட் கிடைக்கும். ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட்.

எந்த நிலையமும் அப்படி ஓடுவதில்லை. நன்றாக நடக்கும் அணு உலை அதில் 80 சதவீதத்தைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 70 லட்சம் யூனிட் கிடைக்கிறது. சோலார் நிலையம் தமிழ்நாட்டில் சுமார் 20 சதவீதம் தரும். அதாவது 17.5 லட்சம் யூனிட். இரவு இருக்கிறது, மேகம் இருக்கிறது, காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழுகிறது. இது சோலாரின் குறைபாடு கிடையாது, இயல்பு. பழைய காற்றாலைகளும் ஏறத்தாழ இதே அளவுதான். உயரமான புதிய காற்றாலைகள் 30 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

ஆகவே 1 மெகாவாட் அணுவுக்கு ஈடாக 4 மெகாவாட் சோலார் வேண்டும். "1,000 மெகாவாட் சோலார் வந்துவிட்டது, ஒரு கூடங்குளம் உலைக்குச் சமம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு தப்பு.

கட்டுவதற்கு எவ்வளவு?

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள், தலா 1,000 மெகாவாட். தொடக்க மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். முடிந்தபோது 22,462 கோடி. மெகாவாட்டுக்கு 11 கோடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கு ஒப்புதல் தரப்பட்ட மதிப்பீடே 49,621 கோடி, அதாவது மெகாவாட்டுக்கு கிட்டத்தட்ட 25 கோடி.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு ஆன செலவு சுமார் 4,550 கோடி, மெகாவாட்டுக்கு 7 கோடி. அதன் பிறகு சோலார் பலகைகளின் விலை விழுந்ததால், இப்போது 4 கோடியை ஒட்டி முடிக்க முடிகிறது.

நான்குக்கு ஒன்று என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 4 மெகாவாட் சோலாருக்கு 16 முதல் 18 கோடி. அதே யூனிட்டுகளைத் தரும் 1 மெகாவாட் புதிய அணு உலைக்கு 25 கோடி. கட்டுமானச் செலவில் சோலார் ஜெயிக்கிறது. ஆனாலும் பலர் நினைப்பதுபோலப் பத்து மடங்கு வித்தியாசம் இல்லை. சோலார் பலகையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. நவீன அணு உலையை 60 ஆண்டு ஓட்டலாம் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் குறையும். ஆனால் இந்தக் கணக்கு சொன்ன தேதியில் உலை முடிந்தால்தான் செல்லும்.

ஆண்டுகள் ஏற்றும் வட்டி

வீடு கட்டக் கடன் வாங்கியவர்களுக்கு இது தெரியும். குடிபோவதற்கு முன்பே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். வேலை இழுத்துக்கொண்டே போனால் வாடகையும் கொடுக்க வேண்டும், வட்டியும் கட்ட வேண்டும். அணு உலையின் பொருளாதாரமும் இதுதான். யுரேனியம் மலிவு. உலையிலிருந்து வரும் யூனிட்டின் விலையில் எரிபொருளின் பங்கு சிறியது. பெரும்பகுதி கட்டுமானக் கடனும் அதன் வட்டியும். 100 ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்கி முடக்கினால், 5 ஆண்டில் அது 161 ரூபாய் ஆகும். 10 ஆண்டில் 259 ரூபாய் ஆகும். முழுப் பணமும் முதல் நாளே செலவாவதில்லை என்பதால் நடப்பில் இவ்வளவு ஏறாது. ஆனால் தாமதம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

கூடங்குளத்துக்கு இந்தியாவும் சோவியத் யூனியனும் கையெழுத்திட்டது 1988-இல். சோவியத் யூனியன் உடைந்தது. துணை ஒப்பந்தம் 1998-இல் வந்தது. முதல் உலையின் கட்டுமானம் 2002 மார்ச்சில் தொடங்கியது. 2007 இறுதியில் முடியும் என்றார்கள். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் 31 அன்று. ரஷ்யாவிலிருந்து பாகங்கள் தாமதமாக, வரிசை மாறி வந்தன. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. அதன் பிறகு, நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரை மக்கள் உலையை எதிர்த்து நடத்திய போராட்டம் வலுத்தது. போராட்டம்தான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. போராட்டம் உச்சத்துக்கு வந்தபோதே திட்டம் தன் முதல் கெடுவைத் தாண்டி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இத்தனைக்கும் பிறகு கூடங்குளம் மின்சாரம் யூனிட் 4 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கக் காரணம், ரஷ்யா குறைந்த வட்டிக்குக் கொடுத்த கடன். அந்தச் சலுகை இல்லாத உலைக்கு இந்த விலை வராது. மூன்றாவது, நான்காவது உலைகளின் கட்டுமானம் 2017-இல் தொடங்கியது. 2023-இல் முடியும் என்று சொல்லப்பட்ட அவை 2025-இலும் கட்டுமானத்தில்தான் இருந்தன. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலையின் வேலை 2004-இல் ஆரம்பித்தது, 2010-இல் முடிய வேண்டியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். இந்தியாவில் மின் நிலைய அளவில் கட்டப்பட்ட அந்த வகையின் முதல் உலை அது என்பதால், தாமதத்தில் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ளலாம்.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலை 2005-இல் தொடங்கியது. 2009-இல் முடியவேண்டியது 2023-இல் முடிந்தது. பிரான்சின் ஃபிளமான்வில் உலை 330 கோடி யூரோ என்று ஆரம்பித்து 1,300 கோடி யூரோவைத் தாண்டியது. 2007-இல் ஆரம்பித்து 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்பில் இணைந்தது. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் இரண்டு புதிய உலைகளின் செலவு, முதலில் சொன்ன 1,400 கோடி டாலரிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் போனது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்வதும் நியாயமாகாது. மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் நான்காவது உலை 2000 மார்ச்சில் தொடங்கி 2005 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. அது நமது பொறியாளர்கள் நன்கு பழகிய கனநீர் உலை வகை. ஐக்கிய அரபு அமீரகம் பராக்காவில் ஒரே வடிவத்தில் நான்கு உலைகளை 2012 முதல் 2024-க்குள் முடித்தது. பழகிய வடிவத்தை, பழகிய ஆட்கள், இடைவெளி விடாமல் திரும்பத் திரும்பக் கட்டினால் காலமும் செலவும் குறைகின்றன. புதிய வடிவம், நீண்ட இடைவெளி, நடுவில் மாறும் விதிகள் என்றால் இரண்டும் எகிறுகின்றன.

"சிறிய உலைகள் வந்தால் எல்லாம் மாறிவிடும்" என்று இப்போது நிறையக் கேட்கிறோம். தொழிற்சாலையில் செய்து, கொண்டுபோய் நிறுத்துவது என்ற யோசனை நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. 1,000 யூனிட்டுக்கு 58 டாலர் என்று சொல்லியிருந்த விலை 89 டாலராக ஏறியதும், வாங்க ஒப்புக்கொண்ட ஊர்கள் போதுமான அளவு நிற்கவில்லை. ஓடிக் காட்டும்வரை அதன் விலையை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோலார் விலை விழுந்த வேகம்

2010-இல் இந்திய அரசு நடத்திய முதல் சோலார் ஏலத்தில் யூனிட் சராசரியாக 12 ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. அதற்குப் பிறகு வரிகளும் விதிகளும் மாறியதால் இரண்டரை ரூபாயை ஒட்டி நின்றுவிட்டது. சீனத் தொழிற்சாலைகளின் பிரம்மாண்ட உற்பத்தி, குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் தரும் தலைகீழ் ஏலம், பணம் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தால் குறைந்த வட்டி ஆகியவை விலையை இறக்கின. கட்டுமான வேகமும் கைகொடுத்தது. கமுதி நிலையம் ஓராண்டுக்குள் முடிந்தது. போட்ட பணம் அடுத்த ஆண்டே சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவதால் வட்டி சேர நேரம் இல்லை.

விலை விழுந்த இந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தமிழ்நாடு கொடுத்தது. கமுதி மின்சாரத்தை 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது. இரண்டே ஆண்டில், 2017-இல், தமிழ்நாடு நடத்திய ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசு. விலை வேகமாக விழும் சந்தையில் நீண்ட ஒப்பந்தத்தை ஒரே மூச்சில் போடக் கூடாது, தவணை தவணையாக வாங்க வேண்டும்.

காற்று வரும் மாதம், வராத மாதம்

இனி நம்பகம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கணவாய் கிடைக்கும் இடங்களில் புகுந்து பாய்கிறது. அதனால்தான் கோவை, திருப்பூர், தேனி, தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களில் காற்றாலைகள் குவிந்திருக்கின்றன. 1986-இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு ஆரம்பித்த பயணம் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த ஐந்து மாதங்களில் வந்துவிடும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் கிடைத்தது. அந்த நாட்களில் மாலையிலும் இரவிலும்கூடக் காற்று நன்றாக வீசும். சீசன் முடிந்தால் சில நாட்களில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 2012 அக்டோபரில் காற்று ஓய்ந்தபோது தமிழ்நாடு என்ன பாடுபட்டது என்பது கோவை, திருப்பூர், மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். நாளில் பாதிக்கும் மேல் மின்வெட்டு. காற்று ஓய்ந்ததைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்று ஓயும் என்பது ஒவ்வொரு ஆண்டும் தெரிந்த விஷயம். அதற்கான மாற்று ஏற்பாடும், வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப் போதுமான மின்பாதையும் அப்போது இல்லை.

சோலாரின் சீசன் வேறு. பிப்ரவரி முதல் மே வரை அதன் உச்சம். காற்று இல்லாத கோடைப் பகல்களை அது தாங்கிப் பிடிக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. கோடைப் பகலில் மாநிலம் முழுக்க ஏசி ஓடும்போது வெயிலும் அதே வேளையில் மின்சாரம் தருவது பெரிய வசதி. ஆனால் ஆறு மணிக்கு மேல் சோலார் பூஜ்யம். வீடுகளில் விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாம் ஒன்றாக எழும்பும் நேரம் அது.

எல்லாவற்றிலும் கடினமான காலம் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் காற்றும் குறைவு, மேகமும் அதிகம். ஒரு வாரம் தொடர்ந்து இரண்டுமே பலவீனமாக இருக்கும். அந்த வாரத்தைச் சமாளிக்கத் தெரிந்தால்தான் மின்கட்டமைப்பு நம்பகமானது.

அணு உலையும் நிற்கும்

அணுமின் நிலையம் இரவு பகல், மழை வெயில் பார்க்காது. கர்நாடகத்தின் கைகா முதல் உலை 2018 டிசம்பர் 31 வரை 962 நாட்கள் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. அன்றைக்கு அது உலகச் சாதனை. மழைக்காலத்தில் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து நிலக்கரி வரத்து குறைவதுபோன்ற சிக்கல் அணு உலைக்கு இல்லை. கூடங்குளம் வகை உலை ஒரு முறை எரிபொருள் ஏற்றினால் ஓராண்டும் அதற்கு மேலும் ஓடும். நவம்பர் வாரத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அது நிற்கவே நிற்காது என்பது தவறான நம்பிக்கை. பராமரிப்புக்காக ஒவ்வொரு உலையையும், எரிபொருள் மாற்றுவதற்காகக் கூடங்குளம் வகை உலைகளையும் வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். அது திட்டமிட்ட நிறுத்தம். கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது, ஆண்டுக்கணக்கில் திரும்ப ஓடவில்லை. 2022-இல் பிரான்சின் 56 உலைகளில் ஏறத்தாழப் பாதி ஒரே சமயத்தில் நின்றன. குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டுபிடிக்கப்பட்டதுதான் பெரிய காரணம். ஒரே வடிவத்தில் பல உலைகள் கட்டினால் செலவு குறையும், ஆனால் ஒன்றில் தெரிந்த கோளாறு எல்லாவற்றிலும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம் அளவு. ஆயிரம் காற்றாலைகளில் பத்து நின்றால் யாருக்கும் தெரியாது. 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென்று நின்றால், அடுத்த சில நொடிகளில் அந்த இடத்தை வேறு நிலையங்கள் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்கட்டமைப்பின் அதிர்வெண் சரியும். அதற்காக எப்போதும் கொஞ்சம் திறனைத் தயாராக வைத்திருக்க வேண்டும். காற்றின் இறக்கத்தைப் பல மணி நேரம் முன்னதாகக் கணிக்கலாம். உலையின் திடீர் நிறுத்தத்தைக் கணிக்க முடியாது. காற்றும் வெயிலும் அடிக்கடி, சொல்லிக்கொண்டு போகின்றன. அணு உலை அபூர்வமாக, சொல்லாமல் போகிறது. இரண்டுக்கும் மாற்று ஏற்பாடு தேவை. ஏற்பாட்டின் வகைதான் வேறு.

இடைவெளியை அடைக்க என்ன விலை?

மணி நேர இடைவெளியின் விலையைச் சந்தையே ஒரு தடவை வெளிப்படையாகச் சொன்னது. 2020 ஜனவரியில் இந்திய சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில், மின்சாரத்தை இரண்டு விலையில் கேட்டார்கள். தேவை அதிகமுள்ள நேரத்துக்கு ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று. ஜெயித்த நிறுவனங்களில் ஒன்றின் விலை, உச்ச நேரத்தில் யூனிட் 6 ரூபாய் 12 காசு. மற்ற நேரத்தில் 2 ரூபாய் 88 காசு. ஒரே நிறுவனம், ஒரே திட்டம். நேரம் மாறினால் விலை இரட்டிப்புக்கு மேல்.

அதன் பிறகு பேட்டரி விலை விழுந்தது. 1 மெகாவாட் திறனை இரண்டு மணி நேரம் தரக்கூடிய பேட்டரிக்கு மாத வாடகை, 2022 ஏலத்தில் சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 இறுதியில் மானியத்தோடு 2 லட்சத்துச் சொச்சம். தினமும் ஒரு முறை நிரப்பி எடுத்தால் மாதம் 60,000 யூனிட். 2.2 லட்சத்தை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சோலார் விலை இரண்டரை, பேட்டரியில் வீணாவது கொஞ்சம் என்று சேர்த்தால், மாலை ஏழு மணிக்கு வரும் சோலார் யூனிட் சுமார் ஆறரை ரூபாயில் நிற்கும். பகல் யூனிட்டையும் மாலை யூனிட்டையும் கலந்து விற்கும் திட்டங்களில் சராசரி மூன்றரை ரூபாய் அளவுக்கு ஏலங்கள் முடிந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்குப் பழைய வழி ஒன்றும் உண்டு. ஆழியாறு மலைப்பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். 1980-களின் இறுதியிலிருந்து ஓடுகிறது. ஏற்றப் பிடிக்கும் மின்சாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். ஆனாலும் பேட்டரியைப்போலப் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டியதில்லை. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று நிலையத்தின் வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அணு உலைக்குச் சொன்ன தாமதப் பாடம் இதற்கும் பொருந்தும்.

இவையெல்லாம் சில மணி நேரத்தை அடைப்பவை. நவம்பர் வாரத்தை அடைக்கப் பேட்டரியால் முடியாது, அவ்வளவு பெரிய பேட்டரி கட்டுப்படியாகாது. அதற்கு மின்பாதை வேண்டும். தென்னக மின்கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் அருகே புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் உயர் அழுத்த நேர்மின்பாதை 2021-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மேகம் மூடிய நவம்பரில் ராஜஸ்தானில் நல்ல வெயில். ஜூலையில் நமது காற்று மிஞ்சும்போது வடக்கே தேவை அதிகம். பருவம் வேறுபட்ட இரண்டு நிலங்களை இணைக்கும் கம்பி, ஒரு மின் நிலையத்துக்குச் சமம்.

கம்பி போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். நல்ல காற்றடிக்கும் நாட்களில், வாங்க இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அனல் மின் நிலையங்களைப் பொதுவாக அவற்றின் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை. அணு உலையையும் இங்கே ஏற்றி இறக்குவதில்லை. இறங்கக் கூடியது காற்றாலை மட்டுமே என்று ஆகும்போது, எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் வீணாகிறது.

விலைப்பட்டியலில் ஏறாதவை

அணுமின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டிலும் 2 காசு, ஆயுள் முடிந்த உலையைப் பிரித்து அகற்றும் செலவுக்கென்று சேர்க்கப்படுகிறது. அது போதுமா என்பது அந்த வேலை நடக்கும்போதுதான் தெரியும். எரித்து முடித்த எரிபொருளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நடந்தால் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாய் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஃபுகுஷிமாவின் செலவு அதைப் பலமடங்கு தாண்டியது. அந்த மிச்சச் சுமையைச் சுமப்பது அரசும், பக்கத்தில் வாழும் மக்களும். இடிந்தகரை மீனவப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்குப் பொருளாதாரத்திலும் இடம் உண்டு. மின்சாரம் மாநிலத்துக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது, அச்சம் மட்டும் அந்த ஊர்களில் தங்குகிறது.

சோலாருக்கும் இப்படிச் செலவு உண்டு. கமுதி நிலையம் 2,500 ஏக்கரில் இருக்கிறது. மானாவாரி நிலம் என்று ஏட்டில் எழுதப்பட்ட இடம், ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் கூலிக்குக் களை எடுத்தவர்களுக்கும் பிழைப்பாக இருந்திருக்கும். நிலத்தின் சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்கும், மேய்த்தவர்களுக்கும் களை எடுத்தவர்களுக்கும் கிடைக்காது. ஆயுள் முடிந்த பலகைகளை எங்கே போடுவது என்ற கேள்வியும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்தச் சேதங்களைத் திருத்த முடியும். நிலத்தை மீட்கலாம், மறுசுழற்சிக்குச் சட்டம் போடலாம். கதிரியக்க விபத்தின் சேதத்தைத் திருத்த ஒரு தலைமுறை போதாது.

அடுத்த ரூபாயை எதில் போடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் அணு உலையை மூடுவதில் அர்த்தமில்லை. கட்டுமானப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இப்போது அது தரும் யூனிட் மலிவு, நவம்பரிலும் வருகிறது. மூடினால் அந்த இடத்தை நிலக்கரிதான் பிடிக்கும். பாதுகாப்பில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் அதை ஓட்ட வேண்டும். பாதி கட்டிய உலைகளை முடிக்க வேண்டும்.

புதிதாக ஒரு ரூபாய் இருந்தால் அது முதலில் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மிக நல்ல காற்றடிக்கும் இடங்களை முப்பது ஆண்டுக்கு முந்தைய சிறிய காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு உயரமான புதியவற்றை நிறுத்தினால், புதிய நிலம் எடுக்காமலேயே பலமடங்கு யூனிட் கிடைக்கும். இதற்கென்று தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கையும் வெளியிட்டிருக்கிறது. அடுத்தது, துணை மின் நிலையங்களும் மாநிலம் தாண்டும் மின்பாதைகளும். மூன்றாவது, மாலை நேரத்துக்கான பேட்டரியும் நீரேற்று நிலையங்களும். இவை ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் முடிபவை, துண்டு துண்டாகச் செய்யக்கூடியவை. ஒன்று தவறினாலும் மொத்தமும் முடங்காது.

காரணம் மலிவு மட்டுமில்லை, காலமும்தான். இந்தியா 2047-க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2025-இன் நடுவில் இருந்தது 9 கிகாவாட்டுக்குக் கீழே. இதுவரையிலான அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இன்று கையெழுத்தாகும் உலையின் முதல் யூனிட் 2040-ஐ நெருங்கும்போதுதான் வரும். அதுவரை தேவை காத்திருக்காது. அந்த இடைவெளியில் எரியும் ஒவ்வொரு டன் நிலக்கரியும், உலைக்காகக் காத்திருந்ததற்கு நாம் கொடுக்கும் விலை. தாராப்பூரில் செய்ததுபோல ஐந்தாண்டில் கட்டிக் காட்டினால், இந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு.

அதுவரை, ஒரு மின் திட்டம் அறிவிக்கப்படும்போது மெகாவாட்டையும் கோடியையும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும், எந்த மாதத்தில், நாளின் எந்த மணியில் தரும் என்று கேளுங்கள். எந்த ஆண்டில் முடியும், முடியாவிட்டால் வட்டியை யார் கட்டுவது என்று கேளுங்கள். அது நிற்கும்போது எது ஓடும், அதற்கு என்ன விலை என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் திட்டத்தின் விலையைத்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும். பதில் இல்லாத திட்டத்தின் விலையை, பின்னால் நமது மின்கட்டண அட்டையில்தான் தெரிந்துகொள்வோம்.